தொட்டி தெளியும் வரை

பாஞ்சாலைக்கு அரசு வேலைக்கான உத்தரவு வந்தது 1983 ஆகஸ்ட் நாலாம் தேதி, வியாழக்கிழமை. வெம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் துணை நர்சாக முப்பத்தொன்றாம் தேதிக்குள் சேர வேண்டும். வரும்போது அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். தபால்காரர் படியிறங்குவதற்குள் அதை இரண்டு தடவை படித்துவிட்டாள். மூன்றாம் தடவை 'அசல்' என்ற சொல்லுக்கு மேல் படிக்காமல் நின்றுவிட்டாள்.

அசல்கள் அவளிடம் இல்லை. ஆரணியில் அவள் நாலு வருஷமாகத் தங்கி வேலை பார்த்துவந்த நர்சிங் ஹோமில், டாக்டர் தசரதனின் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று, "ஒரிஜினல் எல்லாம் இங்கேயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்று டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். அப்போது அவளுக்கு இருபது வயது. அரசாங்கமே தன் காகிதங்களைப் பாதுகாப்பதுபோல அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. பிரசவ அறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். எந்த நேரத்தில் பிரசவ கேஸ் வந்தாலும் கதவைத் தட்டுவார்கள். கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். போளூர் பக்கம் இருந்த அவளுடைய ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஞாயிறு காலை போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். ஒரு முறை அக்கா வளைகாப்புக்கு இரண்டு நாள் கேட்டதற்கு டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பீரோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். அவள் போகவில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு அன்று மதியமே டாக்டர் அறைக்குப் போனாள்.

"கவர்ன்மெண்ட் ஆர்டரா? கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார் டாக்டர். காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். "எங்கிட்ட சொல்லாமலே அப்ளிகேஷன் போட்டியா?"

"எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க சார். இங்க சேர்றதுக்கு முன்னாடியே பதிஞ்சது."

"சரி. இருபத்தஞ்சாம் தேதி புது வார்டு திறப்பு. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க. ஹால்ல கால் வச்சதும் முதல்ல கண்ணுல படறது அந்த மீன் தொட்டி. இப்ப அது சாக்கடை மாதிரி இருக்கு. அதை நீ பொறுப்பெடுத்துத் தெளிய வை. திறப்பு முடியட்டும், மத்ததைப் பேசிக்கலாம்."

தொட்டி தெளிந்தால் காகிதம் கிடைக்கும் என்று பாஞ்சாலை எடுத்துக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்பது பிற்பாடு யோசித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தத் தொட்டியை டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன் மெட்ராஸ் மூர்மார்க்கெட்டில் வாங்கினார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்தது, நாலடி நீளம். காத்திருக்கும் நோயாளிகள் மீனைப் பார்த்தால் பதற்றம் குறையும் என்று எங்கோ படித்திருந்தார். ஹாலில் சிமெண்டு மேடை கட்டி வைத்து, உள்ளே ஆற்று மணல் பரப்பி, நாடா நாடாவாக இலை விடும் நீர்ச்செடிகளை நட்டிருந்தார். கறுப்பு மோலிகள், ஏஞ்சல் மீன்கள், பருத்த இரண்டு தங்க மீன்கள். முதல் வருஷம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. புது வார்டுக்காகச் சுவரை இடித்து ஹாலின் மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பிறகு எல்லாம் கெட்டது. கண்ணாடியில் பச்சைப் படலம் ஏறியது. செடியின் இலைகளில் தலைமுடிபோல இழை இழையாகப் பாசி தொங்கியது. கடைசியில் தண்ணீரே பச்சையாகி, மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. கம்பவுண்டர் மூன்று தடவை தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மூன்று தடவையும் பத்தே நாளில் பாசி முன்னைவிட அதிகமாக வந்தது. செத்த மீன்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பிப் புது மீன் வாங்கினார்கள்.

பாஞ்சாலைக்கு மீன் வளர்ப்பு தெரியாது. நோயாளியைக் கவனிக்கத் தெரியும். காய்ச்சல்காரருக்குத் தொங்கவிடும் டெம்பரேச்சர் சார்ட் ஒன்றை எடுத்து, பெயர் எழுதும் இடத்தில் 'தொட்டி' என்று எழுதினாள். நான்கு நாள் எதையும் தொடாமல் கவனித்து மட்டும் எழுதினாள். மாலை மூன்று மணிக்கு மேற்கு வெயில் தொட்டிமேல் விழத் தொடங்குகிறது, ஐந்தேகால்வரை நகர்வதில்லை. தொட்டிக்கு மேலுள்ள டியூப்லைட் காலை ஆறுக்குப் போட்டால் இரவு பத்துவரை எரிகிறது. காத்திருக்கும் ஜனங்கள் ஒரு நாளில் பதினேழு தடவை தீனி போடுகிறார்கள்: பொரி, பன்னு, குழந்தை கடித்து மிச்சம் வைத்த பிஸ்கெட். மீன் தின்றது போக மற்றதெல்லாம் மணலில் அழுகுகிறது.

கூட்டிப் பெருக்கும் கெங்கம்மாள் அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி இது, மீனுக்கு ஜொரமா?"

"வெளிச்சமும் எச்சி சோறும் அதிகமாப் பூடுச்சுக்கா. அதுல செடி தின்னது போக மிச்சத்தத்தான் பாசி தின்னுது. கழுவினா பாசி மட்டுமா போவுது? செடியும் சேந்து சாவுது. அப்புறம் மொத்தமும் பாசிக்குத்தான்."

"அதுக்கு உனக்கு இன்னாடி? கழுவிட்டுப் போயேன்."

"இந்தத் தடவ கழுவக் கூடாதுக்கா" என்றாள் பாஞ்சாலை.

எட்டாம் தேதி வேலையைத் தொடங்கினாள். எக்ஸ்ரே பிலிமோடு வரும் கறுப்புத் தாள்களைச் சேர்த்து ஒட்டி, ஜன்னல் பக்கமாக இருந்த கண்ணாடியை முழுக்க மறைத்தாள். டியூப்லைட்டை நாளுக்கு ஆறு மணி நேரம் என்று குறைத்தாள். தீனி போடாதீர்கள் என்று எழுதி ஒட்டியதை யாரும் மதிக்கவில்லை. அதனால் பெஞ்சை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டு, டோக்கன் கொடுக்கும் தன் மேஜையைத் தொட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். உபயோகித்த டிரிப் டியூபைக் கழுவி, ஒரு முனையை மணலுக்கு மேலே பிடித்து மறுமுனையை வாயால் உறிஞ்சிவிட்டால், அடியில் கிடக்கும் அழுக்கு மட்டும் தண்ணீரோடு வாளிக்கு இறங்கியது. இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை அப்படி எடுத்துவிட்டு, கிணற்று நீரை ஒரு நாள் டிரம்மில் வைத்திருந்து ஊற்றினாள். முடிப்பாசியைப் பழைய பல்துலக்கும் பிரஷில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். கை விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்தது.

முதுகு வலிக்கு ஊசி போட வரும் சாயப்பட்டறை சுப்பன் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இன்னாத்துக்கும்மா இவ்ளோ பேஜாரு? மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடு. எங்க பட்டறைத் தொட்டில அதான் போடறது. பாசி ஜல்தியா ஓடிப்பூடும்."

பாஞ்சாலைக்கு ஆசையாக இருந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்ததே. ஆனால் தொட்டியில் போடவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தொட்டித் தண்ணீர் எடுத்து, செடியில் ஒட்டியிருந்த இரண்டு நத்தை, ஒரு செடித்துண்டு, ஒரு குட்டி மோலி போட்டு, அந்த நீல நிற மயில்துத்தத்தில் துளி கரைத்துப் பார்த்தாள். பாசி செத்தது. அடுத்த நாள் காலைக்குள் நத்தைகளும் மோலியும் செத்தன. செடி கண்ணாடிபோல ஆகிவிட்டது. பாட்டிலைக் கொண்டுபோய்ப் புதைத்தாள். அந்தக் குட்டி மோலிக்காக அவளுக்கு அழுகை வந்தது.

பதிமூன்றாம் தேதியும் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. டாக்டர் ஹாலைக் கடக்கும்போது நின்று, "இன்னும் பன்னெண்டு நாள்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று தொட்டியைச் சுற்றிலும் கறுப்புத் தாளும் கம்பளியும் போர்த்தி, விளக்கை அணைத்து, தீனியை நிறுத்தி, ஏர் மோட்டாரை மட்டும் ஓடவிட்டாள். மூன்று நாள் முழு இருட்டு. வெளிச்சமில்லாவிட்டால் செடி கொஞ்ச நாள் தாங்கும், பாசியால் அவ்வளவு தாங்க முடியாது என்பது அவளுடைய கணக்கு. அந்த மூன்று நாளும் ஹாலுக்குள் நுழைந்தவர்கள், உள்ளே யாரோ இறந்து கிடக்கிறார்களா என்பதுபோல அந்த மூட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் தேதி காலை பிரித்தாள். குப்பென்று நாற்றம் அடித்தது. தண்ணீர் பச்சையாக இல்லை, கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தது. இரண்டு ஏஞ்சல் மீன்கள் மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செத்த பாசி அழுகிக் காற்றைக் குடிக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. புறநோயாளி நேரம் தொடங்குவதற்குள் பாதித் தண்ணீரை மாற்றினாள். மதியம் மறுபடி கால் பங்கு. மாலை மறுபடி. நடுவே ஒரு பிரசவமும் பார்த்தாள், பெண் குழந்தை.

ஞாயிறன்று கெங்கம்மாள் தன் வீட்டுப் பக்கத்து ஏரியிலிருந்து ஒரு கூடை வேலம்பாசி கொண்டுவந்தாள். பெயரில்தான் பாசி, அது வேர்விட்டு வளரும் செடி, தளதளவென்று இருந்தது. பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு அலசி, பின்பக்கம் முழுக்க நெருக்கமாக நட்டார்கள்.

"இது வளந்தா பாசிக்குச் சாப்பாடு கெடைக்காதுக்கா."

"நீ போய்ட்டா இதையெல்லாம் யாருடி பாப்பாங்க?" என்று கெங்கம்மாள் கேட்டாள். சும்மாதான் கேட்டாள். ஆனால் மணலுக்குள் இருந்த பாஞ்சாலையின் விரல்கள் ஒரு நிமிஷம் அசையவில்லை.

இருபத்திரண்டாம் தேதி, எதிர்ப்பக்கம் நின்றால் தொட்டி வழியாக டோக்கன் மேஜையின் மரக்கோடுகள் தெரிந்தன. இருபத்து நான்காம் தேதி வேலம்பாசியின் நுனிகளிலிருந்து முத்து முத்தாகக் காற்றுக் குமிழ்கள் கிளம்பின. பழைய இலைகளை வெட்டி எறிந்துவிட்டதால் நாடாச் செடிகளில் புதுத் துளிர் மட்டும் நின்றது. கண்ணாடியின் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை இருந்தது. அதை அவள் துடைக்காமலே விட்டாள், நத்தை தின்னட்டும் என்று.

திறப்பு விழாவன்று வந்தவர்கள் புது வார்டைவிடத் தொட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். ஒரு பட்டு வியாபாரியின் மனைவி, "தண்ணியே இல்லாத மாதிரி இருக்கே" என்றாள். டாக்டர் பாஞ்சாலையைக் கூப்பிட்டு, "எங்க நர்சுதான் இதைப் பாத்துக்குது" என்று எல்லோருக்கும் காட்டினார். அவள் வெட்கத்தோடு கும்பிட்டாள். அடுத்த நாள் காலை, உத்தரவும் கையுமாக அவர் அறைக்குள் போனாள்.

"உட்காரு" என்றார் டாக்டர். நாலு வருஷத்தில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "மூணு தடவை கம்பவுண்டர் முயற்சி பண்ணி முடியாததை நீ முடிச்சிருக்க. உன்னை மாதிரி ஒரு ஆளை நான் எப்படி அனுப்புவேன்? புது வார்டையும் நீதான் பாக்கணும். சம்பளம் கூட்டித் தர்றேன். வெம்பாக்கத்துல என்ன இருக்கு? கிராமம் கிராமமா சைக்கிள் மிதிக்கணும்."

"நான் போவணும் சார். சர்டிபிகேட் மட்டும் குடுங்க."

டாக்டரின் குரல் மாறவில்லை. "உங்கப்பாவுக்கு டி.பி. வந்தப்ப ஆறு மாசம் யார் ஊசி போட்டது? பணம் வாங்கினேனா?"

"இல்ல சார்."

"அப்ப போய் வேலையைப் பாரு."

அவள் வெளியே வந்து டோக்கன் மேஜையில் உட்கார்ந்தாள். நன்றாகச் செய்ததே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்தாள். அரைகுறையாகச் செய்திருந்தால் விட்டிருப்பாரோ? விட்டிருக்க மாட்டார். அப்போது முடிக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லியிருப்பார், இப்போது முடித்ததையே காரணமாகச் சொல்கிறார். தொட்டிக்குள் ஒரு பிடி ரவையைக் கொட்டிவிட்டு, கறுப்புத் தாளைக் கிழித்துவிட்டால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். கை தீனி டப்பாவரை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். மீன்கள் அவளுக்கு என்ன செய்தன?

சனிக்கிழமை அப்பா சடையப்பன் வந்தார். டாக்டர்தான் போளூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் அறைக்குள் கால் மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"டாக்டரு சொல்றதக் கேளும்மா. நம்பள மனுசனா மதிச்சு உசுரக் காப்பாத்தனவரு."

"கவர்ன்மெண்ட் வேலைப்பா. ரிடையர் ஆவற வரைக்கும் யாரும் வெளிய அனுப்ப முடியாது. லீவு கேட்டா குடுப்பாங்க. உனக்குப் புரியலியா?"

"புரியுது. ஆனா நாளைக்கு எனக்கு மறுபடி ரத்தமா இருமுச்சின்னா நான் எங்க போவேன்?"

அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பிப் போனபிறகும் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். செய்யாற்றுப் பஸ் எதிரிலேயே நின்றது. அதில் ஏறினால் வெம்பாக்கம் போய்விடலாம். வெறுங்கையோடு போய் என்ன செய்வது? திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி. வாரத்திலேயே கூட்டம் அதிகமான நாள். நாற்பத்தாறு டோக்கன் கொடுத்திருந்தாள். பத்து பேர் போயிருப்பார்கள். டாக்டர் மணி அடித்தார், அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி. பாஞ்சாலை எண்ணைக் கூப்பிடவில்லை. அதற்கு முன் அப்படிச் செய்யப்போவதாக அவள் திட்டம் போட்டிருக்கவில்லை. 'பதினொண்ணு' என்று வாயெடுத்தவளுக்குச் சொல் வரவில்லை, அவ்வளவுதான். மணி மறுபடி அடித்தது. கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கதவைத் திறந்தார். "என்ன?"

"சர்டிபிகேட் வேணும் சார்."

"அப்புறம் பேசலாம். ஆளை அனுப்பு."

அவள் அசையவில்லை. கதவு மூடியது. ஹாலில் சலசலப்பு எழுந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் அங்கே டோக்கன் கூப்பிடாமல் போனவரை டாக்டரே விரட்டிவிடுவார். அதனால் ஒருவரும் எழவில்லை. முள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு தாயின் மடியில் இருந்த குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பாஞ்சாலை எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க உள்ள போங்கம்மா" என்று அனுப்பினாள். மூச்சு இரைத்த ஒரு கிழவரையும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டாள். டாக்டர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார், வழிக்கு வந்துவிட்டாள் என்று. கிழவர் வெளியே வந்ததும் அவள் மறுபடி மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னாம்மா, எவ்ளோ நேரம் ஒக்காந்துகினு இருக்கறது? வேலை கெடக்குது" என்றார் சாயப்பட்டறை சுப்பன். அவருடைய டோக்கன் பன்னிரண்டு.

பாஞ்சாலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க. எனக்கு கவர்ன்மெண்ட் வேலை வந்துகீது. நாளன்னிக்குக் கடைசி நாளு. என் படிப்புக் காயிதம் உள்ள பீரோல கீது. குடுக்க மாட்டேங்கறாரு."

எல்லோருக்கும் டாக்டர் வேண்டும். ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சுப்பன் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அதற்குள் டாக்டரே கதவைப் பாதி திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"டாக்டரே, அது அந்தப் பொண்ணோட காயிதம்தான?" என்றார் சுப்பன். "குடுத்து அனுப்பிடுங்க. எங்களுக்கு நேரமாவுது."

நியாயம் கேட்கும் குரலில்லை அது. முதுகு வலிக்கிற மனிதன் பொறுமையில்லாமல் சொன்னது. அப்படிச் சொன்னதால்தான் டாக்டருக்கு எதிர்த்துப் பேச இடம் கிடைக்கவில்லை. முப்பது முகங்கள் அவரைப் பார்த்தன. கழுத்து சிவக்க உள்ளே போனார். பீரோ திறக்கும் ஓசை கேட்டது. வெளியே வந்து காக்கி நிற உறையை அவள் மேஜைமேல் எறிந்தார்.

"எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டு, அது இதுன்னு கேட்டுகிட்டு இந்த வாசல்ல வந்து நிக்காதே. உங்கப்பனும் வரக் கூடாது."

பாஞ்சாலை உறையைப் பிரித்து, அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். எல்லாம் இருந்தன. மீதி முப்பத்து நான்கு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு அனுப்பி முடித்த பிறகுதான் எழுந்தாள். டாக்டர் அதற்குப் பின் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தொட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கெங்கம்மாளுக்கு ஒரு தடவை செய்து காட்டினாள். "எனக்கு இதெல்லாம் வராதுடி" என்று அவள் சொல்லிவிட்டாள். தகரப் பெட்டியோடு மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள் பாஞ்சாலை.

முப்பதாம் தேதியே சேர்ந்துவிட்டாள். நாலு வருஷ அனுபவத்துக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாததால் அது கணக்கில் வரவில்லை. அதனால் பிற்பாடு அவளைவிட இளையவர்களுக்குக் கீழே வேலை செய்ய நேர்ந்தது. வெம்பாக்கத்தில் அவளுக்குக் கிடைத்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஆனாலும் முதல் சில மாதங்கள் கடைக்குப் போகும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர்கள், "எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?" என்று விழித்தார்கள்.

அப்பா கோபத்தில் நாலைந்து மாதம் அவளைப் பார்க்க வரவே இல்லை. பொங்கல் கழிந்த ஒரு காலையில் சுகாதார நிலைய வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். மேல்துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஆரணிக்குப் போவல" என்றார், அவள் கேட்பதற்கு முன்னால்.

"எத்தினி நாளா இருமல்?"

"தீபாவளிலேர்ந்து."

அவள் ஒரு சளிப் பரிசோதனைச் சீட்டை எடுத்து அவர் பெயரை எழுதினாள். வயது கேட்டாள். அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஐம்பத்தைந்து என்று போட்டுவிட்டு, மூடியுள்ள சிறு டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலைல எழுந்ததும் இதுல துப்பணும். ராவிக்கு எங்கூடவே இருந்துக்க" என்றாள்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார்.